மேற்குக் குழாய்

இஞ்சிவிளையில் எனக்கு நாலு குழாய்.
மூன்று தமிழ்நாட்டைப் பார்த்து.
ஒன்றை மட்டும்
அயினி மரத்தின் கவட்டையில் கட்டி
கேரளத்துக்குத் திருப்பி வைப்பேன்.
செக்போஸ்ட்டில் காத்துக்கிடக்கும் லாரிக்காரனும்
இரட்சிக்கப்படட்டும் என்று
எல்லாச் சபையாரும் கேட்டு வாங்குவது அதைத்தான்.
அதில் மட்டும் அவர்களுக்குள் பிணக்கில்லை.

மார்ச்சில் வாழைக்குலைச் சந்தை மைதானம்,
பாஸ்டர் எட்வின்சிங்.
"மூன்று சொட்டுத் தண்ணியில்
நெற்றி நனையும், பாவம் நனையுமா?" என்பார்.
கல்குருசுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்களைப் பற்றி
வருடா வருடம் ஒரே கதை.
வெள்ளைச் சேலைகள் குலுங்கிச் சிரிக்கும்,
நடுவரிசையில் என் ஜெபகனியும்.
முழுக்கெடுத்த அன்று அவள் கழற்றிய கம்மலில்தான்
இந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன்.

மே மாதம் சி.எஸ்.ஐ. அசனப் பண்டிகை.
ரசலையன் ஐயர் மைக்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு
"தேவனுக்குக் காது மந்தமில்லை,
தரையில் உருண்டு காட்டுவதற்கு
அவருக்குக் கண்ணும் மங்கலில்லை" என்பார்.
பந்தியில் பரிமாறுகிறவர்கள்
கறிவாளியை இறக்கிவைத்துச் சிரிப்பார்கள்.

குருசடித் திருவிழாவில் சாமியார்
அவ்வளவுகூடப் பேசமாட்டார்.
"ஷட்டர் போட்ட கடையெல்லாம் இப்போ சபை.
வாடகை ஏறினால் வெளிப்பாடும் மாறும்."
அதோடு வெடிக்கட்டுக்குத் தீ வைத்துவிடுவார்கள்.

மூன்று பேருக்கும் ஒரே மைக்.
மூன்று பேர் எச்சிலும் பட்ட அதே கம்பிவலை.
நான் துடைப்பதில்லை.
சிரிப்பு எங்கே வருமென்று எனக்கு முன்னமே தெரியும்;
அவர்கள் மூச்சை இழுக்கும்போதே
திருகை ஒரு கோடு ஏற்றுவேன்.
யாரும் ஏற்றச் சொன்னதில்லை.
ஏற்றினால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்.

இந்த மார்ச், கடைசி இரவு.
ஆள் கலைந்த பிறகு
ஜெனரேட்டரில் டீசல் மிச்சம் பார்க்கப் போயிருந்தேன்.
மைக்கை நாற்காலியில் படுக்கப்போட்டு
அதே நாற்காலியில் முகம் புதைத்து
முழங்காலில் நின்றிருக்கிறார் பாஸ்டர்.
அணைக்க அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

நாலு குழாயிலும் ஒரு மூச்சிரைப்பு.
பிறகு,
"அப்பா, பாறசாலை ஆசுபத்திரியில்
இன்னைக்கும் அவன் என்னைப் பார்த்து
நீங்க யாருன்னு கேட்டான்.
ஒரு தடவை. ஒரே ஒரு தடவை..."
மிச்சத்துக்கு வார்த்தையில்லை.
அந்நிய பாஷையும் இல்லை.
மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

அது பரோட்டாக் கடையின் சூட்டுக் கல்லைத் தாண்டி
குருசடி வாசலில் உருகிக் கிடந்த மெழுகைத் தாண்டி
ஐயர் வீட்டு மாடி ஜன்னல்வரை போயிருக்கும்.
ஜன்னலில் வெளிச்சம் வந்தது, பார்த்தேன்.
மேற்குக் குழாய் வழியாக
பையன் படுத்திருக்கும் திசைக்கும்
கொஞ்சம் போயிருக்கலாம்.
காற்று அன்றைக்குக் கிழக்கிலிருந்து.

ஓடிவந்து திருகைப் பிடித்தேன்.
உடனே அணைத்தேன் என்று சொல்லத்தான் ஆசை.
ஆறேழு மூச்சு அப்படியே விட்டிருந்தேன்.
எதற்கென்று ஜெபகனியிடமும் சொல்லவில்லை.
சொல்லத் தெரியவும் இல்லை.

மே மாதம் மறுபடி அசனம்.
ஐயர் மாறிவிட்டார் என்றால் பொய்.
உருளும் கதையை எடுத்தார்,
இந்த முறை அங்கியைத் தூக்கிப் பிடித்து
லேசாக நடித்தும் காட்டினார்.
நடுவில் ஒருதரம்
மைக்கைக் குனிந்து பார்த்த மாதிரி இருந்தது.
எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

மூச்சை இழுத்தார்.
திருகை நான் ஒரு கோடு இறக்கினேன்.
மேற்கு வயரையும் உருவினேன்.
முன்வரிசை சிரித்தது.
பந்தலுக்கு வெளியே நின்றவர்கள்
என்ன, என்ன என்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.

கமிட்டிக்கார ஏசுவடியான் ஓடிவந்து
"மேக்குக் கொழாய் வேல செய்யலியேடே" என்றார்.
அணிலு கடிச்சிருக்கும் அண்ணாச்சி என்றேன்.

பில்லில் நாலு என்று எழுதியிருந்ததை அடித்து
மூன்று என்று எழுதிக் கொடுத்தேன்.